சஸ்கட்டூனில் இரண்டு நாள்: வனுஸ்கெவினா, பட்டோஷா, பூம்டவுனா?

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணம் கோதுமையும் கனோலாவும் விளையும் பிரேரி சமவெளி. அங்கே கோடைப் பயணம் போகிறவர்கள் பலர் சஸ்கட்டூன் நகரில் தங்கி, கிடைக்கிற இரண்டு நாளில் எதைப் பார்ப்பது என்று குழம்புகிறார்கள். போட்டியில் இருப்பவை மூன்று: வனுஸ்கெவின் பாரம்பரியப் பூங்கா, பட்டோஷ் தேசிய வரலாற்றுத் தலம், நகருக்குள்ளேயே இருக்கும் மேற்கத்திய வளர்ச்சி அருங்காட்சியகத்தின் ‘1910 பூம்டவுன்’ என்ற மாதிரித் தெரு. பக்கத்தில் இருக்கிறது, கூரையும் இருக்கிறது என்பதால் பலர் மூன்றாவதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நம் கருத்தில் அந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். 1910 தெருவில் தொடங்கினால், இந்த நிலம் அதற்கு முன்பு யாருடையது, எப்படிக் கைமாறியது என்ற கேள்வியே எழாமல் போய்விடும்.

வனுஸ்கெவின் நகரின் வடக்கு விளிம்பிலிருந்து சுமார் 5 கி.மீ. ஓபிமிஹா ஓடை தெற்கு சஸ்காச்சுவான் ஆற்றில் சேரும் பள்ளத்தாக்கு அது. சுற்றிலும் உள்ள சமவெளி முழுக்க உழவு கண்டுவிட்டது. செங்குத்தான சரிவுள்ள இந்தப் பள்ளத்தாக்கு தப்பித்தது. அதனால்தான் 6,000 ஆண்டுகளுக்கு மேலான மனித வாழ்வின் தடயங்கள் இங்கே அடுக்கு அடுக்காகக் கிடைக்கின்றன. 1992-ல் பூங்காவாகத் திறந்தார்கள். 2017-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலங்களுக்கான கனடாவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தது.

இங்கே தவறவிடக் கூடாதது, பைசன் என்னும் வட அமெரிக்கக் காட்டெருதுகளின் மந்தையை ஓட்டி விழச்செய்த மேட்டு விளிம்பு. கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் சாதாரண சரிவுதான். மேலே சமவெளிப் பக்கம் நின்று பார்த்தால்தான் அதன் நுட்பம் புரியும். பைசனுக்கு மோப்பம் கூர்மை, பார்வை மட்டு. ஆகவே காற்று வீசும் திசையைப் பார்த்து, மந்தையை மெதுவாக நகர்த்தி, கடைசியில் மட்டும் வெருட்டி ஓடவிட வேண்டும். முன்னால் போகும் விலங்கு பள்ளத்தைக் காணும் நேரத்தில், பின்னால் வரும் மந்தை அதை நிற்கவிடாது. இறைச்சியைக் காயவைத்து, இடித்து, உருக்கிய கொழுப்பும் சஸ்கட்டூன் பெர்ரியும் கலந்து பெமிக்கன் ஆக்கினார்கள். அதுவே நெடுங்குளிர்காலத்துக்கான சேமிப்பு.

2019 டிசம்பரில் இங்கே மீண்டும் பைசன்களைக் கொண்டுவந்து விட்டார்கள். 2020 கோடையில் அவை மண்ணில் புரண்ட இடத்தில் செதுக்கல் உள்ள பாறை ஒன்று வெளியே தெரிந்தது. பல ஆண்டுகளாக இந்தப் பள்ளத்தாக்கில் ஆய்வு செய்துவரும் தொல்லியல் அறிஞர் எர்னி வாக்கர் அதைக் கவனித்தார். தொடர்ந்து தேடியதில் மொத்தம் நான்கு செதுக்குப் பாறைகளும், செதுக்கப் பயன்பட்ட கல் கருவியும் கிடைத்தன. மனிதர்கள் அத்தனை காலம் தோண்டியும் அகப்படாததைப் பைசன்கள் குளம்பால் கிளறிக் காட்டின. இந்த ஒரு காரணத்துக்காகவே அங்கே போகலாம்.

பிற்பகல் மூன்று மணிக்கு வந்து, வெயிலுக்குப் பயந்து காட்சிக்கூடத்தையும் உணவகத்தையும் மட்டும் பார்த்துவிட்டுப் போனால் வனுஸ்கெவினைப் பார்த்ததாகாது. காலையில் கதவு திறக்கும்போதே போய், முதலில் நடைபாதையில் இறங்குங்கள். கட்டடத்தை வெயில் ஏறியபின் பார்க்கலாம். பூர்வகுடி நடன நிகழ்ச்சி எத்தனை மணிக்கு என்று நுழைவிடத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மே, ஜூனில் புல்லுக்குள் உண்ணிகள் அதிகம். வெளிர் நிறக் கால்சட்டை அணிந்து, அதன் நுனியைக் காலுறைக்குள் செருகுங்கள். திரும்பியதும் காதுக்குப் பின்புறம், பிடரி, இடுப்பு, முழங்கால் மடிப்பு எல்லாம் தடவிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் தோலை ஒட்டினாற்போல் சாமணத்தால் பிடித்து, திருகாமல் நேராக இழுக்க வேண்டும். எண்ணெய் ஊற்றுவது, நெருப்புக் காட்டுவது இரண்டும் கூடாது.

பட்டோஷ் சஸ்கட்டூனுக்கு வடகிழக்கே 90 கி.மீ. போல, ஒரு மணி நேர ஓட்டம். மூன்றில் நாம் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான். பிரேரி ஏன் இன்று சதுரம் சதுரமாக இருக்கிறது என்பதற்கான விடை இங்கே இருக்கிறது.

கனடாவின் பூர்வகுடிகளான முதல்குடியினருக்கும் ஐரோப்பிய விலங்குத் தோல் வணிகர்களுக்கும் பிறந்த வழியில் உருவான மேட்டீ மக்கள், ஆற்றங்கரையிலிருந்து உள்நோக்கி நீளும் ஒடுக்கமான பட்டைகளாக நிலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். முகப்பு சுமார் 200 மீட்டர். நீளம் 3 கி.மீ.க்கு மேல். இதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஆற்று நீர், விறகு, உழவு நிலம், வைக்கோல் புல் எல்லாம் கிடைத்தன. அக்கம்பக்க வீடுகளும் கூப்பிடு தூரத்தில் இருந்தன. கூட்டாட்சி அரசின் நில அளவையோ பிரேரியையே 640 ஏக்கர் சதுரங்களாக வெட்டி, அதில் கால் பங்கான 160 ஏக்கரைக் குடியேறிகளுக்குப் பத்து டாலர் கட்டணத்தில் கொடுத்தது. ஏற்கெனவே வாழ்ந்தவர்களின் பட்டை நிலங்களுக்கு உரிமைப் பத்திரம் வராமல் இழுபட்டது. மனுக்கள் பலிக்காதபோது லூயி ரியேல் தலைமையில் 1885 மார்ச்சில் தற்காலிக அரசு அமைந்தது. மே 9 முதல் 12 வரை பட்டோஷில் சண்டை நடந்தது. காப்ரியேல் டூமான் நடத்திய மேட்டீ படை 300-க்கும் குறைவு. எதிரே அரசுப் படையின் ஜெனரல் மிடில்டனின் 800-க்கும் மேற்பட்டோர், பீரங்கிகள், தொடர்ந்து சுடும் காட்லிங் துப்பாக்கி ஒன்று. கடைசி நாளில் குண்டுகள் தீர்ந்து, மேட்டீ படையினர் ஆணியையும் கூழாங்கல்லையும் போட்டுச் சுட்டுத் தோற்றார்கள். நவம்பர் 16-ல் ரெஜைனாவில் ரியேலைத் தூக்கிலிட்டார்கள்.

இன்று மிஞ்சியிருப்பவை புனித அந்தோனியார் தேவாலயம், பாதிரியார் இல்லம், கல்லறை, புல் மூடிய பதுங்குகுழிகள். பாதிரியார் இல்லத்தின் சுவரில் துப்பாக்கிக் குண்டு துளைத்த ஓட்டைகள் இன்னும் இருக்கின்றன. சுவரில் நிமிர்ந்து தேடுங்கள். வேகமாக நடந்தால் தட்டுப்படாது. டூமானின் கல்லறையும் இங்கேதான். அந்த மேட்டில் நின்றால் ஆற்றின் வளைவும் அக்கரையும் ஒரே பார்வையில் கிடைக்கும். படகுத்துறையும் கிராமமும் ஏன் இங்கே அமைந்தன என்பது விளங்கும். இன்றும் குடும்பங்கள் வந்துபோகும் கல்லறை அது; கல்லில் சாய்ந்து படம் எடுக்க வேண்டாம்.

வழி: 11-ஆம் எண் நெடுஞ்சாலையில் ராஸ்தெர்ன் வரை, அங்கிருந்து கிழக்கே 312, பிறகு வடக்கே 225. கைபேசி வரைபடம் சில நிமிடம் மிச்சம் என்று சரளைச் சாலைக்குள் திருப்பிவிடும்; கேட்காதீர்கள். மழை பெய்த மண்சாலையில் அந்தக் களிமண் டயரில் அப்பிக்கொண்டு வண்டியை நகரவிடாது. காய்ந்திருந்தால் எதிரே வரும் லாரி கிளப்பும் கல் கண்ணாடியைப் பதம்பார்க்கும். வாடகைக் கார் என்றால் செலவு உங்கள் தலையில். ராஸ்தெர்னிலேயே பெட்ரோல் போட்டு, சாப்பாடும் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரும் வாங்கிக்கொள்ளுங்கள். தலம் விரிந்து கிடக்கிறது, நிழல் குறைவு. குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், மே, ஜூன், செப்டம்பரில் எந்தக் கிழமைகளில் திறப்பு என்பதைப் தேசியத் தலங்களை நிர்வகிக்கும் பார்க்ஸ் கனடாவின் இணையத்தளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஜூலையில் நடக்கும் மேட்டீ விழாவின்போது பிடில் இசையும் ஜிக் நடனமும் கிடைக்கும், அமைதி கிடைக்காது. சண்டை நடந்த இடத்தை நிதானமாகப் பார்க்க விரும்புகிறவர்கள் அந்த வாரத்தைத் தவிர்க்கலாம்.

பூம்டவுனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரே கூரைக்குள் வங்கி, பலசரக்குக் கடை, கொல்லன் பட்டறை, பள்ளிக்கூடம், ரயில் நிலையம் என்று ஒரு முழுத் தெரு. சக்கர நாற்காலிக்கு வசதி, சிறுவர்களுக்குக் கொண்டாட்டம், இரண்டு மணி நேரம் போதும். மழை நாளுக்கும் குளிர்காலத்துக்கும் இதைவிடச் சிறந்த இடம் நகரில் இல்லை. விவசாயத்தை அறிய வந்தவர்களுக்கு மட்டும் இது பாதிதான்.

அவர்கள் அதே அருங்காட்சியகத்தின் நார்த் பாட்டில்ஃபோர்ட் கிளைக்கு, 16-ஆம் எண் நெடுஞ்சாலையில் சுமார் 140 கி.மீ. போகலாம். அங்கே வீட் பூல் என்ற விவசாயிகள் கூட்டுறவின் மரத் தானியக் களஞ்சியமே நிற்கிறது. லாரியை எடைமேடையில் நிறுத்தி, தானியத்தைத் தரைக்கடியில் உள்ள குழியில் கொட்டுவார்கள். பட்டையில் கோத்த கிண்ணங்கள் அதை உச்சிக்கு அள்ளிச்செல்லும். அங்கிருந்து குழாய் வழியாகப் பத்தாயங்களுக்கும், பிறகு தன் எடையாலேயே ரயில் பெட்டிக்கும் இறங்கும். அருகிலேயே பாட்டில்ஃபோர்ட் கோட்டை. அதே எழுச்சியை ஒட்டி, 1885 நவம்பர் 27-ல் முதல்குடி ஆடவர் எட்டுப் பேரை ஒன்றாகத் தூக்கிலிட்ட இடம் அது. பட்டோஷைப் பார்த்த மறுநாள் இங்கே வந்தால் இரண்டும் ஒன்றையொன்று விளக்கும். நார்த் பாட்டில்ஃபோர்ட் கிளையின் வெளிப்புறக் கிராமம் கோடையில் மட்டுமே திறந்திருக்கும்.

ஆக, ஒரே நாள் என்றால், கோடையில் காலை வனுஸ்கெவின், மதியம் பட்டோஷ்; குளிரில் வனுஸ்கெவினும் பூம்டவுனும். இரண்டு நாள் என்றால் முதல் நாள் முழுவதையும் பட்டோஷுக்குக் கொடுத்துவிட்டு, மறுநாள் காலை வனுஸ்கெவின், பிற்பகல் பூம்டவுன். முதியவர்களோடு போகிறவர்கள் பட்டோஷில் தேவாலயம், பாதிரியார் இல்லத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மாதம் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களிடம் இருந்தால் ஆகஸ்ட் கடைசி வாரம் நல்லது. கொசுவும் உண்ணியும் குறைந்திருக்கும், சாலையோர வயல்களில் அறுவடை இயந்திரங்கள் இறங்கத் தொடங்கியிருக்கும். பட்டோஷிலிருந்து இருட்டுமுன் புறப்படுங்கள்; அந்தி நேரத்தில் மான்கள் சாலையைக் கடக்கும்.