'ரீஸ்டோர் பண்ணியது' என்றால் கழற்றிய நிலையில் எடுத்த படத்தைக் கேளுங்கள்

பழைய வாஷிங் மெஷின் விற்பனையில் விலையை அநியாயத்துக்கு ஏற்றும் சொல் ஒன்று உண்டு: 'முழுசா ரீஸ்டோர் பண்ணியது'. அந்தச் சொல்லை நம்பி, அமெரிக்க மேடாக் கம்பெனியின் ஹெலிகல் டிரைவ் வகை டாப்லோடர் (மேலிருந்து துணி போடும் மெஷின்) ஒன்று, ஓடும் நிலையில் இருக்கும் அதே மாடலின் விலையைவிட இரண்டரை மடங்குக்குக் கைமாறியது. மூன்றாவது துவையலிலேயே அடியில் தண்ணீர். பிரித்தபோது தெரிந்ததை அப்படியே எழுதுகிறோம், அடுத்து வாங்குபவராவது தப்பட்டும்.

பில்லில் எழுதியிருந்தவை: சென்டர் சீல், ஸ்டெம் சீல் (டப்பின் நடுவிலும் ஷாஃப்ட்டிலும் தண்ணீர் ஒழுகாமல் தடுக்கும் ரப்பர்கள்), டப் பேரிங், டேம்பர் பேட் (ஆட்டத்தை அடக்கும் பட்டைகள்), பெல்ட் இரண்டு. எல்லாம் புதுசாம். உண்மையில் புதுசு பெல்ட் மட்டும்தான். அதுதான் இருப்பதிலேயே மலிவு, மாற்றவும் பத்து நிமிஷம் போதும்.

முதல் துப்பு அஜிடேட்டர், அதாவது டப்பின் நடுவில் துணியைக் கலக்கும் தண்டு. ஸ்டெம் சீல் சமீபத்தில் மாற்றியிருந்தால் அஜிடேட்டர் கையால் இழுத்தாலே மேலே வந்துவிடும். இதற்கு வெந்நீர் ஊற்றி ஊறவைத்து, பட்டை கட்டி இழுக்க வேண்டியிருந்தது. உள்ளே ஷாஃப்ட்டின் பற்களில் துரு அடை அடையாக அப்பியிருந்தது, ஸ்டெம் சீல் தொட்டதும் உதிர்ந்தது. அதற்குக் கீழே உள் டப்பைப் பிடிக்கும் நட்டின் மேல் பழைய சோப்பு கல்லாக உறைந்திருந்தது. அதில் ஸ்பேனர் பட்ட கீறல் ஒன்றுகூட இல்லை. அந்த நட்டைக் கழற்றாமல் சென்டர் சீலை மாற்றவே முடியாது. ஆக, பில் பொய்.

பிறகு ஏன் முதல் இரண்டு துவையலில் ஒழுகவில்லை? சீலின் ஓரத்தைச் சுற்றி சிலிக்கான் பசை பூசியிருந்தார்கள். இது சுழலும் முகம், ஓட்டை இல்லை; பசை சில சுற்று தாங்கும், பிறகு கிழியும். உள்ளே போன தண்ணீர் பேரிங் கிரீஸைக் கஞ்சியாக்கியிருந்தது. டப்பைக் கையால் சுற்றினால் சரளை மேல் சைக்கிள் உருட்டும் சத்தம். டேம்பர் பேடில் சாதாரண கிரீஸ் அப்பியிருந்தார்கள். அங்கே சிலிக்கான் மசகுதான் போட வேண்டும். மற்றது பிசுபிசுத்துப் பிடித்துக்கொள்ளும், ஸ்பின்னில் மெஷின் நடக்க ஆரம்பிக்கும்.

வெளியே பெயிண்ட் மட்டும் கண்ணாடி மாதிரி! எனாமல் உதிர்ந்த இடத்தில் ஸ்ப்ரே பெயிண்ட் அடிப்பது மேக்கப். எனாமல் சூளையில் சுட்டு ஏற்றுவது, அதற்கான செலவே வேறு. நகத்தால் ஓரத்தைச் சுரண்டிப் பாருங்கள், பெயிண்ட் பெயர்ந்து வரும்.

நியாய விலைக்கு எங்கள் கணக்கு இது. விளம்பரத்தில் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், அது விற்பவரின் ஆசை. கைமாறி முடிந்த விலை மட்டுமே கணக்கு. ஓடும் நிலையில் அதே மாடல் 100க்குக் கைமாறியது என்று வையுங்கள். சீல், பேரிங் போன்ற பாகங்களுக்கு 20, கூலிக்கு 30, பிரித்த பிறகு தெரியப்போகும் கோளாறுக்கு 10 கழித்தால் மிச்சம் 40. ஓடாத மெஷினுக்கு அதற்கு மேல் கொடுப்பது நஷ்டம். டிரான்ஸ்மிஷன் (கியர் பெட்டி) ஆயில் கசிந்து அடித்தளத்தில் பழுப்பு வளையம் தெரிந்தால் இன்னும் குறையுங்கள். அந்த இடம் மட்டும் சந்தேகத்துக்கு இடமாகப் பளிச்சென்று இருந்தாலும் குறையுங்கள்.

'பழைய ஸ்டாக், பெட்டி பிரிக்கவே இல்லை' என்று ஸ்பேருக்கு அதிக விலை கேட்பதும் உண்டு. டைமருக்கு அது நியாயம், கிடைப்பது அரிது; ஆனால் முனைகளில் செருகிய கீறல் இருந்தால் அது கழற்றி எடுத்த பழசு. ரப்பருக்கு அந்த விலை கொடுக்கவே கூடாது. ஐம்பது வருஷம் பெட்டியில் கிடந்த சீலும் இறுகிப்போனதுதான், ரப்பருக்குப் பெட்டி தெரியாது.

வயதை ஏற்றிச் சொல்லும் வித்தையும் பழசு. மேடாக் ரிங்கர் மெஷின்கள் (துணியை இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டுப் பிழிபவை) 1983 வரை தயாரானவை. ரிங்கர் இருப்பதாலேயே 'உலகப்போருக்கு முந்தியது' ஆகிவிடாது. சீரியல் நம்பர் தகட்டைப் படம் கேளுங்கள். பெட்ரோல் எஞ்சினில் ஓடிய மேடாக்குகளில் இன்னொரு சிக்கல்: எஞ்சின் சேகரிப்பவர்கள் எஞ்சினைத் தனியாக வாங்குவதால் அதைக் கழற்றி விற்றுவிட்டு, வெறும் டப்பை முழு மெஷின் விலைக்குத் தள்ளுவார்கள். ரிங்கர் உருளைகளை அழுத்தம் தளர்த்தாமல் விட்டிருந்தால் தட்டையாகியிருக்கும். அதையும் விலையில் கழியுங்கள்.

120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் (மின்சாரத்தின் அதிர்வெண்) மெஷினை 50 ஹெர்ட்ஸ் ஊரில் விற்பவர் 'டிரான்ஸ்பார்மர் போதும்' என்பார். போதாது. டிரான்ஸ்பார்மர் வோல்ட்டைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை அல்ல. நிமிஷத்துக்கு 1725 சுற்று ஓடும் மோட்டார் சுமார் 1440க்கு இறங்கும், டைமரும் மெதுவாகி 30 நிமிஷத் துவையல் 36 ஆகும். 120 வோல்ட்டே கொடுத்தால் மோட்டார் சூடேறும். 100 வோல்ட்டுக்கு இறக்கினால் சூடு அடங்கும், வேகம் திரும்பாது. அதற்கு மோட்டார் புல்லியை 1.2 மடங்கு பெரிதாக்க வேண்டும். அந்தச் செலவும் விலையிலிருந்து கழியும்.

அட்வான்ஸ் அனுப்பும் முன் இவற்றைக் கேட்டு வாங்குங்கள்: தண்ணீர் நிரப்பி ஸ்பின் வரை வெட்டாத வீடியோ, இரவு முழுக்கத் தண்ணீரோடு நின்ற பிறகு அடித்தளத்தின் படம், கழற்றிய சீலும் சீரியல் தகடும் ஒரே படத்தில். வயரை வளைத்துப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். இன்சுலேஷன் பொடிந்தாலோ, 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினாலோ பிளக்கில் சொருகவே வேண்டாம்.

நாம் சொன்ன மேடாக்கை விற்றவரின் பதில், 'பழைய பொருள், அப்படித்தான் இருக்கும்'. இப்போது இன்னொன்றை விற்பனைக்கு வைத்திருக்கிறார், அதே வாசகத்தோடு. ஆறு படங்கள். ஒன்றில்கூட அஜிடேட்டர் கழன்றிருக்கவில்லை.