வீட்டிலிருந்தே பல்கலைக்கழக நூலகம்: 2020 முதல் என் அனுபவம்

காவிரி டெல்டாவின் பழைய பாசன நிர்வாகம் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்தேன். 2020 மார்ச்சில் பொதுமுடக்கம் வந்து விடுதியைக் காலி செய்ததிலிருந்து, ஆய்வேட்டைக் கொடுத்து முடித்த இன்றைய நாள் வரை, திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்துதான் பெரும்பாலும் நூலகத்தைப் பயன்படுத்துகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆங்கில ஆய்விதழ்கள் வீட்டுக்கு வந்துவிட்டன, தமிழ் நூல்களில் பெரும்பங்கு இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. அவற்றை எனக்கு எட்ட வைத்தவர்கள் நூலக ஊழியர்கள்.

முதலில் லாகின் விவகாரம். வளாகத்துக்குள் இருந்தவரை லாகினே தேவைப்படவில்லை. பல்கலைக்கழக இணைய இணைப்பின் அடையாள எண்ணான ஐபி முகவரியைப் பார்த்ததும் பதிப்பகத் தளங்கள் உள்ளே விட்டுவிடும். ஊருக்கு வந்து செல்போன் டேட்டாவில் திறந்தால் அதே கட்டுரைக்கு டாலரில் பணம் கேட்டது. இதற்கு வழி முன்பே இருந்தது. பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும், காந்திநகரில் இருக்கும் இன்ஃப்ளிப்நெட் மையம் 'இன்ஃபெட்' என்ற பொது நுழைவு முறையை நடத்துகிறது. பதிப்பகத் தளத்தில் நம் நிறுவனத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் நம் பல்கலைக்கழகத்தின் லாகின் பக்கத்துக்குப் போகும், பாஸ்வேர்டு சரியாக இருந்தால் திரும்பவும் கட்டுரைக்கே வந்து சேரும். ஆனால் அதற்குப் பல்கலைக்கழகம் அந்த அமைப்பில் சேர்ந்து, மாணவர்களுக்குக் கணக்கு போட்டுத் தர வேண்டும். ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்து, இங்கே குறுவை நடவும் முடிந்த பிறகுதான் எனக்குக் கணக்கு வந்தது. கலைக் கல்லூரியில் படித்த என் தங்கைக்கு இந்தத் தொல்லை இருக்கவில்லை. கல்லூரிகளுக்கு மின்னிதழ்களும் மின்னூல்களும் தரும் என்-லிஸ்ட் திட்டத்தில் ஆளுக்கொரு பயனர் பெயர் கொடுப்பதுதான் முறை என்பதால், முதல் நாளிலிருந்தே அவள் வீட்டில் படித்தாள்.

அந்த மாதங்களில் கைகொடுத்தது ஜேஸ்டோர் என்ற ஆய்விதழ்த் தளம். தனிநபர் இலவசக் கணக்குக்கு மாதம் 6 கட்டுரை என்றிருந்ததை கொரோனா காலத்தில் 100 ஆக்கினார்கள். பதிவிறக்க முடியாது, திரையில்தான் படிக்க வேண்டும். கரண்ட் போய்விட்டால் டவரும் படுத்துவிடும் ஊரில் அது பெரிய குறைதான், இருந்தாலும் அந்தக் கணக்கு இல்லையென்றால் என் இரண்டாம் இயல் எழுதியிருக்க முடியாது. 1906-ல் வெளியான தஞ்சை மாவட்ட கெஜட்டியர் என்ற அரசு விவரத் தொகுப்பு, தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள் போன்ற காப்புரிமை தீர்ந்த பழைய நூல்கள் இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இலவச இணையக் களஞ்சியத்தில் கிடைத்தன. 2021 ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்களுக்குத் தமிழக அரசு தினம் 2 ஜிபி டேட்டாவுக்கு இலவச கார்டு கொடுத்ததையும் இங்கே சொல்ல வேண்டும். தங்கைக்கு வந்த அந்த கார்டின் ஹாட்ஸ்பாட்டில் நானும் படித்தேன்.

சோத்கங்கா பற்றி விரிவாகவே சொல்லலாம். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளை இலவசமாகத் தரும் களஞ்சியம் அது. லாகின் வேண்டாம். இயல் இயலாகத் தனித்தனி பிடிஎஃப் என்பதால் சிக்னல் குறைவான இடத்தில் பெரிய வசதி, தேவையான இயலை மட்டும் இறக்கிக்கொள்ளலாம். தமிழில் எழுதிய ஆய்வேடுகளில்தான் சிக்கல். பல ஏடுகள், இன்றைய பொதுக் குறியீடான யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சானவை, சில வெறும் ஸ்கேன் படங்கள். ஊரார் சேர்ந்து பாசன வாய்க்கால்களைப் பராமரிக்கும் 'குடிமராமத்து' என்று தேடினால், உள்ளே ஒரு முழு இயலே அதைப் பற்றி இருந்தாலும் வராது. தலைப்புகளும் பல நேரம் ஆங்கில எழுத்தில் அவரவர் ஒலிபெயர்த்தபடி இருக்கும். அதனால் நான் சொல் தேடுவதை விட்டுவிட்டேன். பல்கலைக்கழகம், துறை, நெறியாளர் என்று வரிசையாகப் போய், முன்பக்கங்களையும் துணைநூற்பட்டியலையும் முதலில் இறக்கிப் பார்ப்பேன். துணைநூற்பட்டியல் பெரும் புதையல். டெல்டாவைப் பற்றி யாரும் மேற்கோள் காட்டாத ஊர் வரலாறுகள், கோயில் மலர்கள், விவசாயிகள் மாநாட்டு மலர்கள் எல்லாம் அங்கேதான் தெரிய வந்தன.

தெரிய வந்த பிறகு அவற்றை எப்படிப் படிப்பது? தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நாட்டுடைமையான நூல்களும் பழைய இதழ்களும் நிறைய உண்டு, அந்த வேலைக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். ஆனாலும் 1960, 70-களில் தஞ்சையிலும் கும்பகோணத்திலும் சிறிய அச்சகங்களில் அச்சான வெளியீடுகள் பல எந்தத் தளத்திலும் கிடைக்கவில்லை. எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் இருந்தன. அங்கே பணியாற்றிய ஒரு அக்காவுக்கு போன் செய்தேன். "எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க தம்பி, போட்டோ எடுத்து அனுப்புறேன்" என்றார். முழு நூலைக் கேட்டால் முடியாது என்று தெளிவாகச் சொல்லிவிடுவார், காப்புரிமைச் சிக்கல் வரும். ஓர் இயல், சில பக்கங்கள் என்றால் மறுநாளே வாட்ஸாப்பில் வந்துவிடும். சில சமயம் நான் கேட்காத நூலும் வரும்: "இதே அலமாரியில இதுவும் இருந்துச்சு, உங்களுக்கு ஆகுமா பாருங்க." வெண்ணாற்றுப் பகுதியில் நீர்க்கட்டிகளுக்கு (வயல்களுக்கு நீர் பாய்ச்சும் ஊர்ப் பணியாளர்களுக்கு) நெல்லாகக் கூலி அளந்ததைப் பற்றிய ஒரு சிறு வெளியீடு அப்படித்தான் எனக்குக் கிடைத்தது. எந்தத் தேடுபொறியும் அதைக் காட்டியிருக்காது. இது அவர் பணி விவரத்தில் எழுதப்பட்ட வேலை இல்லை. எழுதப்பட வேண்டும், அதற்கென்று ஒரு ஸ்கேனரும் நேரமும் ஒதுக்கித் தர வேண்டும் என்பது என் உறுதியான கோரிக்கை.

2025 ஜனவரியில் 'ஒரே நாடு ஒரே சந்தா' தொடங்கியது. 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் மத்திய, மாநில அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்தன. நல்ல மாற்றம். வேளாண்மை, அறிவியல் படிக்கும் நண்பர்கள் கட்டுரைக்காகச் சென்னை நண்பர்களைக் கெஞ்சுவது நின்றுவிட்டது. என் துறைக்கு வேண்டிய தமிழ் வெளியீடுகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

ஊரிலிருந்து ஆய்வு தொடங்குபவர்களுக்கு ஒரு யோசனை. வளாகத்தை விட்டுக் கிளம்பும் முன் இன்ஃபெட் கணக்கு வேலை செய்கிறதா என்று செல்போன் டேட்டாவில் திறந்து பாருங்கள், வளாக வைஃபையில் பார்த்தால் தெரியாது. நூலகத்தில் பக்கங்கள் கேட்கும்போது முதலில் பொருளடக்கப் பக்கத்தை மட்டும் கேளுங்கள். அதைப் பார்த்துவிட்டு எந்த இயல் வேண்டும் என்று சொன்னால், அங்கே எடுத்து அனுப்புகிறவருக்கு வேலை பாதியாகக் குறையும்.