8 எம்பி ஃபைல், 10 எம்பி வரம்பு, ஆனாலும் திரும்பி வந்தது

பதினைந்து வருடமாக என் பிழைப்பே மெயிலில் ஃபைல் அனுப்புவதும் வாங்குவதும்தான். இத்தனை நாளில் என்னை அதிகம் சுற்றவிட்டது அளவுக் கணக்கு.

ஒருமுறை வாடிக்கையாளர் ஒருவருக்கு 8 எம்பி பிடிஎஃப் அனுப்பினேன். அவர்கள் பக்கம் வரம்பு 10 எம்பி. போன வேகத்தில் 552 என்ற பிழை எண்ணோடு திரும்பி வந்தது, அளவு மீறிவிட்டதாம்! அனுப்பிய மெயிலின் மூல வடிவத்தைத் திறந்து பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. பிடிஎஃப் இருக்க வேண்டிய இடத்தில் ‘ஜேவிபிஇஆர்ஐ’ என்று தொடங்கி, வரிக்கு 76 எழுத்தாக என்னவோ கீழே போய்க்கொண்டே இருந்தது (எந்த பிடிஎஃப் அனுப்பினாலும் இதே தொடக்கம்தான், வேண்டுமானால் பாருங்கள்). மெயில் வெறும் ஆங்கில எழுத்துகளுக்காகப் பிறந்த சமாச்சாரம். 1992-இல் மைம் என்ற மெயில் வடிவத்துக்கான தரம் வந்தபோது படம், ஒலி எல்லாவற்றையும் எழுத்தாக்கி அனுப்ப வழி செய்தார்கள். பேஸ்64 என்ற அந்த முறையில் 3 பைட் 4 எழுத்தாகிறது, வரிமுறிவுகளும் சேர்ந்தால் 37 சதவீதம் வரை ஊதிவிடும். என் 8 எம்பி கிட்டத்தட்ட 11 ஆகிப் போயிருக்கிறது. அப்புறம் எப்படி உள்ளே விடுவான்?

அன்றிலிருந்து வரம்பு 10 என்றால் 7-க்கு மேல் வைப்பதில்லை.

ஜிமெயிலில் 25 எம்பியைத் தாண்டினால் அதுவே டிரைவ் லிங்க் ஆக்கிவிடும். வசதிதான், ஆனால் நான் அதை நம்பி இருப்பதில்லை. இணைப்பாகப் போனால் எதிரில் இருப்பவரிடம் நகல் தங்கும். லிங்க்கில், இடம் போதவில்லை என்று நான் ஃபைலை அழித்த மறுநாளே அவர் போன் செய்வார்.

ஃபைல் பெயரைத் தமிழில் வைப்பதையும் விட்டுவிட்டேன், மனமில்லாமல்தான். பெரும்பாலும் சரியாகவே போகும், ஆனால் சில பழைய மென்பொருள்களில் ‘வரவு செலவு’ என்ற பெயர் சதவீதக் குறிகளாகச் சிதறிப் போய் நிற்கிறது.

இன்னொன்று, வின்மெயில்.டாட் (winmail.dat) என்ற பெயரில் வந்து நிற்கும் ஃபைல். அவுட்லுக்கில் ரிச் டெக்ஸ்ட் வடிவத்தில் அனுப்பினால், வேறு செயலியில் வாங்குகிறவருக்குச் சில சமயம் உண்மையான ஃபைலுக்குப் பதில் இதுதான் வரும். எனக்கு இதை அனுப்புகிறவரிடம் ‘எச்டிஎம்எல்லுக்கு மாற்றுங்கள்’ என்று மூன்று முறை சொல்லியாயிற்று. ‘எனக்குத் திறக்குதே சார்’ என்கிறார்.