கும்பகோணத்தில் உயிர்பெற்ற பழைய மடிக்கணினி

2012இல் வாங்கிய மடிக்கணினியில் டெபியன் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி மறுதொடக்கம் செய்தபோது, துவக்கச் சாதனம் எதுவும் இல்லை என்ற ஒற்றை வரியே கறுத்த திரையில் நின்றது. முதலில் பார்த்தவர் வன்தட்டையே மாற்றச் சொன்னார். மகாமகக் குளத்தருகே உள்ள சிறு கடைக்காரரோ திருப்புளியைக் கையில் எடுக்கவே இல்லை. பென்டிரைவிலிருந்து லினக்ஸை இயக்கி, ‘சிஸ்’ கோப்புறையின் ‘ஃபர்ம்வேர்’ பகுதியில் ‘இஎஃப்ஐ’ இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தால் கணினி துவங்கியது யூஇஎஃப்ஐ என்னும் புதிய முறையில், இல்லாவிட்டால் பழைய பயாஸ் முறையில் என்றார்.

நிறுவல் யூஇஎஃப்ஐ முறையில் சரியாகவே நடந்திருந்தது. ஆனால் கணினியைத் துவக்கிவைக்கும் உள்மென்பொருளான ஃபர்ம்வேர்களில், அக்காலத்தவை சில, விண்டோஸின் துவக்கக் கோப்பையோ ‘பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ’ என்னும் பொதுப்பெயர்க் கோப்பையோ தவிர வேறெதையும் கண்டுகொள்வதில்லை என்பதால், ‘டெபியன்’ கோப்புறைக்குள் லினக்ஸைத் துவக்கும் நிரலான கிரப் இருந்தும் இல்லாதது போலாயிற்று. அந்தக் கிரப் கோப்பை, துவக்கக் கோப்புகளுக்கான இஎஃப்ஐ பகிர்வின் ‘பூட்’ கோப்புறைக்குள் அந்தப் பொதுப்பெயரிலேயே நகலெடுத்து வைத்தார். நான் வாங்கி வந்த டிகிரி காபி ஆறுவதற்குள் நுழைவுத்திரை வந்துவிட்டது.

கூலி 300 ரூபாய், நியாயம்தான். கிரப் புதுப்பிக்கப்படும்போது கையால் வைத்த அந்த நகல் தானாக மாறாமல் போகலாம் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. ரசீதையும் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது.