அம்மாவின் வீடியோ ஸ்கிரீன்: ஒன்றரை வருட அனுபவம்

வீடியோ காலில் பேசும் மேசை ஸ்கிரீன் விலை குறைந்திருக்கிறது, தன் அப்பாவுக்கு வாங்கலாமா என்று தோழி போன வாரம் கேட்டாள். அவள் கேட்ட நேரத்தில் எங்களுடையது கடலூரில் ஒரு சர்வீஸ் கடையில் கிடந்தது. உப்புக்காற்றில் கரண்ட் ஒயர் செருகும் இடம் பச்சை பூத்துவிட்டது. கம்பெனி பெயர் வேண்டாம். ஸ்பீக்கரோடு வரும் இந்த மேசை ஸ்கிரீன்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான்.

அம்மா கடலூர் மஞ்சக்குப்பத்தில் தனியாக இருக்கிறார். வயது 76. நான் கோவையில். 2024 ஜூலையில் இரண்டு வாங்கி, ஒன்றை அம்மாவுக்கும் இன்னொன்றைப் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கும் சித்திக்கும் வைத்தேன். நானும் அம்மாவும் இரவில் பத்து நிமிடம் பேசுகிறோம், அது போனிலேயே நடந்திருக்கும். நான் எதிர்பார்க்காதது மத்தியானங்கள்.

சாப்பாடு ஆனதும் அம்மா சித்தியைக் கூப்பிட்டு ஸ்கிரீனை அப்படியே திறந்து வைத்துவிடுவார். பேச்சு குறைவு. அங்கே சித்தி முருங்கைக்கீரை ஆய்வார், இங்கே அம்மா கட்டிலில் கண்ணயர்வார். தெருவில் மீன்காரம்மா குரல் கேட்டால் முத்தியால்பேட்டையிலிருந்து கேள்வி வரும்: "என்ன மீனுக்கா?" "சங்கரா." மறுபடி அமைதி. அப்பா போனபிறகு அந்த வீட்டில் அம்மா மத்தியானம் நிம்மதியாகத் தூங்கி நான் பார்த்தது இதற்கப்புறம்தான்.

அந்தத் தூக்கத்தைத்தான் இந்தக் கருவி கெடுக்கிறது. அரை மணி நேரம் பேச்சுச் சத்தம் இல்லையென்றால் 'இன்னும் இருக்கிறீர்களா?' என்று ஸ்கிரீனில் எழுத்து வரும், கூடவே மெல்லிய ஒரு 'டிங்'. தொடாவிட்டால் அழைப்பு துண்டிக்கப்படும். வயதானால் முதலில் மங்குவது கீச்சு ஒலிகள்தான், அம்மாவுக்கு அந்த 'டிங்' கேட்பதே இல்லை. விழித்திருந்து தொட்டாலும் பல நேரம் ஏற்காது. தொடுதிரை விரலின் மின்கடத்தலை உணர்ந்து வேலை செய்வது. உலர்ந்து காய்த்த விரலை அது சரியாகக் கண்டுகொள்வதில்லை. அம்மா பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, விரலை நனைத்து நனைத்துத் தொடுகிறார். பார்க்கவே வயிறு எரிகிறது. ஆரம்பத்தில் அது தானாகத் துண்டிப்பது தெரியாமல், "ஏன்டி சொல்லாம வெச்சிட்ட?" என்று அக்காவும் தங்கையும் இரண்டு நாள் பேசாமல்கூட இருந்தார்கள்.

கம்பெனிக்கு மூன்று முறை எழுதினேன். தெரியாமல் கேமரா திறந்தே கிடக்கக் கூடாது என்பதற்காக வைத்த பாதுகாப்பு என்றார்கள். நியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் வேண்டாம் என்பவர்கள் அணைத்துவைக்க ஒரு வழி கொடுக்கலாமே!

நார்வேயில் 'கோம்ப்' என்று ஒன்று செய்கிறார்கள். பழைய டிவி போல இருக்கும், தொடுதிரை கிடையாது, ஒரே ஒரு திருகு குமிழ்தான். யாரோ ஒருவர் கிழவிகளின் விரலைப் பார்த்துவிட்டுத்தான் அதைச் செய்திருக்க வேண்டும். நியூயார்க் மாநிலம் 2022 முதல் 'எல்லிக்யூ' என்ற பேசும் ரோபோவை முதியவர்களுக்குக் கொடுக்கிறது. பேச ஆளே இல்லாதவர்களுக்கு அது உதவலாம். ஆனால் எங்கள் பக்கம் "துணைக்குப் படுத்துக்க வா" என்றுதான் கூப்பிடுவார்கள். வந்தவர் பேச வேண்டியதில்லை, இருந்தால் போதும். பேச்சு நின்றால் ஆள் போய்விட்டார் என்று எண்ணுகிற கருவியைச் செய்தவர்கள் அப்படி யார் வீட்டிலும் துணைக்குப் படுத்ததில்லை போல.

இன்னொன்று, உள்ளே பேட்டரி இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது கரண்ட் போனது, இரண்டு ஸ்கிரீனும் இருண்டன. துணை மிகவும் வேண்டியிருந்த இரவு அதுதான். பட்டன் போன்தான் கைகொடுத்தது. படம், ஒலி, வைஃபை எல்லாம் சரி, குறையில்லை.

தோழியிடம் வாங்காதே என்று சொல்லிவிட்டேன். ஐந்துக்கு இரண்டு கொடுப்பேன். பழுதுக்கு ஆன 1,400 ரூபாயை மறுபேச்சில்லாமல் கட்டியதும் நான்தான்.

ஸ்கிரீன் கடையில் இருந்த ஒன்பது நாளில் அம்மா மத்தியானம் தூங்கவில்லை. ஐந்தாம் நாள் சித்தி ஒரு பையோடு பஸ் ஏறி வந்துவிட்டார், மூட்டுவலியோடு. சனிக்கிழமை நான் கடையிலிருந்து எடுத்துப் போனபோது கட்டிலில் அம்மா, கீழே பாயில் சித்தி, ஃபேன் சத்தம் மட்டும். ஒயரைச் செருகப் போனேன். அம்மா கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"இப்ப எதுக்கு? அவ ஊருக்குப் போனப்புறம் மாட்டு."