ஐ3-யில் மவுஸைத் தொடாமல்: மவுஸ் கீஸா, கீநேவா?

லினக்ஸில் சாளரங்களைக் கீபோர்டாலேயே அடுக்கும் ஐ3-க்கு மாறியவர்கள் கொஞ்ச நாளில் இந்தக் கேள்விக்கு வந்துவிடுகிறார்கள்: அம்புக்குறியையும் கீபோர்டாலேயே நகர்த்த மவுஸ் கீஸா, கீநேவா? இரண்டையும் வைத்துப் பார்த்தேன்.

நிறுவல்: மவுஸ் கீஸ், திரையில் சாளரங்களைக் காட்டும் எக்ஸ் சர்வரிலேயே இருக்கிறது. கீபோர்டு அமைப்பை மாற்றும் செட்எக்ஸ்கேபிமேப் கட்டளையில் 'கீபேட்:பாயிண்டர்கீஸ்' என்று ஒரு வரி, அப்புறம் ஷிஃப்ட்+நம்லாக். கீநேவைத் தனியாக நிறுவ வேண்டும்.

வேகம்: மவுஸ் கீஸில் எண் பலகையின் 4, 6, 8, 2 அழுத்தி அம்புக்குறியை ஊர்ந்து போகவிடுகிறோம். 5 கிளிக். திரையின் மறுமூலைக்குப் போக பொறுமை வேண்டும். கீநேவ் வேறு மாதிரி: கண்ட்ரோலும் அரைப்புள்ளியும் அழுத்தினால் திரைமேல் கட்டம் விழும். எச், ஜே, கே, எல் ஒவ்வொன்றும் அதைப் பாதியாக வெட்டும். 1920 பிக்சல் அகலம் ஆறே வெட்டில் 30 பிக்சல். ஸ்பேஸ் தட்டினால் கிளிக். இதே நான்கு எழுத்துகளால் நகரும் விம் எடிட்டர் பழகிய விரலுக்கு இது அல்வா.

இழுத்து விடுவது: மவுஸ் கீஸில் 0 பிடிக்கும், புள்ளி விடும். இதில் கீநேவ் எனக்குச் சரிப்படவில்லை.

எண் பலகை இல்லாத லேப்டாப் என்றால் கீநேவ்தான். படம் திருத்தும் கிம்ப்பில் ஒரு பிக்சல் நகர்த்துகிறவருக்கு மவுஸ் கீஸ். ஐ3 போலவே இருக்கும் ஸ்வே பயன்படுத்துகிறீர்களா? அது எக்ஸுக்கு மாற்றாக வந்த வேலேண்டில் ஓடுவது, கீநேவ் எக்ஸுக்காக எழுதியது, எதிர்பார்க்க வேண்டாம்.