மேட்டுப்பாத்தியில் எறும்புகள்: சில ஆண்டுகளாக நான் கடைப்பிடிக்கும் வழிகள்

திருச்சியில் வீட்டின் பின்புறம் ஹாலோ பிளாக் கற்களை இரண்டு வரிசை அடுக்கி, மேட்டுப்பாத்திகள் அமைத்துக் கீரை, கத்தரி, வெண்டை, அவரை, காராமணி வளர்த்து வருகிறேன். பார்க்க வருபவர்கள் முதலில் கேட்பது எறும்பைப் பற்றித்தான். "பொடி போட்டீர்களா, சார்?" என்பார்கள். நான் பொடி போடுவதில்லை. பாத்தியில் எறும்பு கூடு கட்டினால் அந்த இடத்தில் விரலை விட்டு, மண் ஈரமாக இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன். பெரும்பாலும் மேலே ஒரு அங்குலம் நனைந்திருக்கும். அதற்குக் கீழே மண் பொடிப்பொடியாக உதிரும். எறும்பு குடியேறியிருப்பது அந்த வறண்ட இடத்தில்தான்.

மேட்டுப்பாத்திக்கு இந்தச் சிக்கல் இயல்பாகவே உண்டு. தரையைவிட உயரமாக இருப்பதால் நீர் வேகமாக வடிகிறது. நான்கு பக்கச் சுவரும் வெயிலில் சூடேறி ஓர மண்ணைக் காய வைக்கின்றன. செம்மண், தொழு உரம், தென்னை நார்க்கழிவு என்று நாம் கலந்து போட்ட மண்ணில் மட்கக்கூடிய பொருள்கள் மட்கிக் குறையக் குறைய, மண் கீழே இறங்கி, சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுகிறது. ஊற்றும் தண்ணீர் அந்தப் பிளவு வழியாக நேரே அடிக்குப் போய்விடுகிறது. செடியின் வேர்ப்பகுதி காய்ந்தே கிடக்கிறது. அடியில் தண்ணீர் கசிவதைப் பார்த்துப் பாத்தி நனைந்துவிட்டது என்று நம்பிவிடுகிறோம்.

பங்குனி தொடங்கும்போதே நான் ஓரப் பிளவுகளை அடைத்துவிடுகிறேன். நன்கு மட்கிய தொழு உரத்தையும் செம்மண்ணையும் சமமாகக் கலந்து, இடைவெளியில் கொட்டிக் கையால் அழுத்திவிட வேண்டும். பிறகு தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றாமல் இரண்டு தவணையாக விடுகிறேன். முற்றிலும் காய்ந்த மண் முதல் தண்ணீரை ஏற்காமல் ஓரத்துக்குத் தள்ளிவிடும். கொஞ்சம் தெளித்து, பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் ஊற்றினால் உள்ளே இறங்கும். கூடு இருக்கும் இடத்தில் இரும்புக் கம்பியால் ஐந்தாறு குத்து குத்தி, சில நாள் தொடர்ந்து நிதானமாக நனைத்தாலே சாதாரணக் கறுப்பு எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு வேறிடம் போய்விடுகின்றன. இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. நான் செய்து பார்த்தவற்றில் ஆண்டுக்கு ஆண்டு மாறாமல் பலன் கொடுத்தது இதுதான்.

ஐப்பசி மழையில் கதை வேறு. தரையில் உள்ள கூடுகளில் நீர் புகுவதால் எறும்புகள் மேடு தேடி நம் பாத்திக்கு வருகின்றன. அப்போது மண்ணில் குறையொன்றும் இல்லை. மழை ஓய்ந்து தரை காய்ந்ததும் பெரும்பகுதி தானாகவே இறங்கிவிடும். அந்த நாள்களில் நான் எதுவும் செய்வதில்லை.

எல்லா எறும்பையும் ஒரே கணக்கில் வைக்கக் கூடாது. பிள்ளையார் எறும்பு எனப்படும் சின்னக் கறுப்பு எறும்பும் கட்டெறும்பும் மண்ணில் துளையிட்டுக் காற்றோட்டம் தருகின்றன, செத்த பூச்சிகளைத் தூக்கிச் செல்கின்றன. கரையானுக்கு எறும்பைப் போன்ற எதிரி கிடையாது. காராமணியின் காம்புகளில் எப்போதும் எறும்பு திரிவதைப் பார்த்துப் பலர் பதறுகிறார்கள். அந்தச் செடி பூவுக்கு வெளியிலும் தேன் சுரக்கும் இனம், எறும்பு அதற்காகத்தான் வருகிறது. தளிரின் அடிப்பக்கத்தில் சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினி இல்லை என்றால் அதை அப்படியே விட்டுவிடலாம்.

சிவந்த, கடித்தால் சுள்ளென்று எரியும் கடியெறும்பை நான் விட்டுவைப்பதில்லை. அது விதைகளைத் தூக்கிச் செல்லும். வெண்டை மொட்டைக் குடையும், கத்தரிக் கன்றின் தண்டைத் தரையொட்டிய இடத்தில் சுரண்டும். களை பறிக்கக் கை வைக்க முடியாது, குழந்தைகளைப் பக்கத்தில் விட முடியாது.

கடியெறும்புக்கு நான் நம்புவது போரிக் ஆசிட் கலந்த இரை. 100 மில்லி தண்ணீரில் 10 கிராம் சர்க்கரை, 1 கிராம் போரிக் ஆசிட். இந்த அளவு முக்கியம். மருந்து கூடினால் எறும்பு வழியிலேயே செத்துவிடும், கூட்டுக்குள் இருக்கும் ராணிக்குப் போய்ச் சேராது. மெதுவாகக் கொல்வதுதான் அதன் சிறப்பு. உண்ட எறும்பு கூட்டுக்குத் திரும்பி, வாயிலிருந்து வாய்க்கு மற்றவற்றுக்கு ஊட்டுகிறது. சில நேரம் கடியெறும்பு சர்க்கரையைத் திரும்பியும் பார்க்காது. அப்போது அதே மருந்தைச் சிறிதளவு நல்லெண்ணெய் விட்ட தேங்காய்த் துருவலிலோ கருவாட்டுத் தூளிலோ பிசைந்து வைக்கிறேன். இரையைப் பாட்டில் மூடியில் வைத்து, மழை படாமல் ஓட்டுச் சில்லால் மூடி, பாத்திக்கு வெளியே எறும்புச் சாரையின் ஓரத்தில் வைக்க வேண்டும். மண்ணில் கொட்டவே கூடாது. போரிக் ஆசிடில் உள்ள போரான் செடிக்கு மிகச் சிறிதளவே தேவை, கூடினால் இலை விளிம்பு கருகும், மண்ணிலிருந்து அதை எளிதில் எடுக்கவும் முடியாது. குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் உள்ள வீட்டில் துளையிட்ட டப்பாவுக்குள் வைத்து மூடுங்கள். முதல் நாளில் எறும்பு கூட்டமாக மொய்ப்பதைப் பார்த்துக் கலைத்துவிடாதீர்கள். ஒன்றிரண்டு வாரத்தில் சாரை மெலிந்துவிடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மஞ்சள் தூள், பெருங்காயம், சாம்பல் எல்லாம் எறும்பைச் சில மணி நேரம் வழிமாற்றுகின்றன, ஒரு முறை தண்ணீர் ஊற்றினால் முடிந்தது. சாம்பலையும் சுண்ணாம்பையும் தொடர்ந்து தூவினால் மண்ணின் காரத்தன்மை ஏறும். கொதிநீர் கூட்டின் மேல்பகுதியை அழிக்கும், கூடவே வேர்களையும் மண்புழுவையும் வேகவைக்கும். நடைபாதைக் கல்லிடுக்குக்கு மட்டும் அது சரி. முந்தைய தலைமுறை கண்ணை மூடிக்கொண்டு தூவிய பிஎச்சி என்ற பூச்சிக்கொல்லிப் பொடி 1997-இல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. இன்று கடையில் கிடைக்கும் எறும்புச் சாக்பீஸ்களில் பெரும்பாலும் டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் போன்ற பூச்சிக்கொல்லிகள் இருக்கின்றன. அவற்றுக்குத் தேனீயும் பொறிவண்டும் ஒன்றுதான். கீரை பறித்துச் சமைக்கும் மண்ணில் அதைக் கோடு போட எனக்கு மனம் வராது.

வேப்பம் புண்ணாக்கு வேறு வகை. எறும்பை விரட்டும் என்று அதை வாங்கினால் ஏமாற்றம்தான், அந்த மணம் சில வாரம் ஒதுக்கிவைக்கும், அவ்வளவே. ஆனால் வேர்முடிச்சு நூற்புழுவைக் குறைக்கும், தழைச்சத்தைச் சிறிது சிறிதாகத் தரும். செடிக்கு ஒரு கைப்பிடி என்று நான் தவறாமல் இடுகிறேன். கடலைப் புண்ணாக்கை மட்டும் கட்டியாகவோ தூளாகவோ மண்ணில் போடாதீர்கள், எறும்புக்கு அது விருந்து. ஊறவைத்து, நன்றாக நீர்த்து ஊற்றலாம். வெல்லம் சேர்ந்த பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம் ஆகியவற்றையும் ஈர மண்ணில் ஊற்றி, மேலே கொஞ்சம் தண்ணீர் விட்டால் எறும்பு மொய்க்காது.

செடியின் மேல் எறும்பு ஏறி இறங்கினால் காரணம் மேலே இருக்கிறது. அசுவினியும் மாவுப்பூச்சியும் சாற்றை உறிஞ்சி இனிப்பான கழிவை வெளியேற்றுகின்றன. அதற்காக எறும்பு அவற்றைக் காவல் காக்கிறது, அவற்றைத் தின்ன வரும் பொறிவண்டையும் குளவியையும் விரட்டுகிறது. எறும்பின் வழியை அடைத்தால் மற்றதை இவை பார்த்துக்கொள்ளும். பப்பாளி மாவுப்பூச்சி 2008-இல் கோவையில் கண்டறியப்பட்டுத் தமிழகத்தில் பெரும் சேதம் செய்தது. 2010-இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்ட சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவிகள்தான் அதை அடக்கின. என் கத்தரியில் தண்டின் அடியில் துணி நாடா சுற்றி ஆமணக்கு எண்ணெய் தடவுகிறேன், காய்ந்ததும் மறுபடி தடவ வேண்டும். அசுவினியைத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிட்டு, மாலையில் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலுடன் தெளிக்கிறேன். மாவுப்பூச்சியை நசுக்கும்போது மட்டும் நிதானம் வேண்டும். அதைத் தின்னும் ஆஸ்திரேலியப் பொறிவண்டின் புழுவும் வெள்ளை மெழுகு இழைகளோடு அச்சு அசலாக மாவுப்பூச்சி போலவே இருக்கும். அளவில் பெரியதாய், சுறுசுறுப்பாய் நகர்ந்தால் அது நம் ஆள், விட்டுவிடுங்கள்.

கீரை விதைக்கும் நாளில் விதையோடு மணல் கலந்து தூவி, லேசாக மண் மூடி, பாத்தி ஓரத்தில் கொஞ்சம் அரிசி நொய் போடுகிறேன். எறும்பு நொய்யைச் சுமப்பதில் மும்முரமாக இருக்க, முளைக்கீரை மூன்று நான்கு நாளில் முளைத்துவிடுகிறது.

மண்ணை ஆண்டுக்கு ஒருமுறை ஆடிப் பட்டத்துக்கு முன் நிரப்புகிறேன். இறங்கிய அளவுக்குத் தொழு உரமும் மண்புழு உரமும் கொஞ்சம் செம்மண்ணும். தென்னை நார்க்கழிவை மட்க வைத்த பிறகே சேர்க்க வேண்டும். பச்சையாகப் போட்டால் அதை மட்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் உள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்ள, செடி மஞ்சளாகும். மேலே காய்ந்த இலை மூடாக்கு அவசியம். ஆனால் மூடாக்கும் நனைந்திருக்க வேண்டும், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளியிருக்க வேண்டும். சுவரோரம் காய்ந்து கிடக்கும் சருகுக்கு அடியில்தான் புதுக்கூடு தொடங்குகிறது.

ஹாலோ பிளாக்கில் புதிதாகப் பாத்தி கட்டப் போகிறவர்களுக்கு ஒன்று. அந்தக் கற்களின் வெற்றுக் குழிகள், மழையும் வெயிலும் படாத, எறும்புக்கு மிகவும் பிடித்த இடங்கள். கட்டும்போதே அவற்றில் மண்ணை இறுக்கி நிரப்பி, புதினாவோ ஓமவல்லியோ நட்டு, பாத்தியோடு சேர்த்துத் தண்ணீர் விடுங்கள். என் பாத்திகளில் குழிகளை நிரப்பிய பக்கங்களில் கூடு வருவது அரிதாகிவிட்டது. நிரப்பாமல் விட்டிருக்கும் வடக்குச் சுவரில் இன்றும் கட்டெறும்பு இருக்கிறது. அங்கே காராமணிப் பந்தல்தான், அதனால் அதைத் தொடவில்லை.